ஒன்பதாம் முறை எழுதிய வஞ்சினம்

நாவலின் ஆறாம் அத்தியாயம் நேற்று இரவு முடிந்தது. மற்ற அத்தியாயங்கள் பத்துப் பன்னிரண்டு நாளில் வந்துவிட்டன. இது ஐந்து மாதம் இழுத்தது. அத்தனைக்கும் காரணம் ஒரே காட்சி: மெய்க்காப்பாளன் கொற்றன் மன்னர் முன்னால் வஞ்சினம் உரைக்கும், அதாவது சபதம் செய்யும் இடம்.

கதைக்கு அடித்தளம் 1310-ஐ ஒட்டிய பாண்டிய நாட்டு உள்நாட்டுப் போர். குலசேகர பாண்டியனை மகன் சுந்தர பாண்டியனே கொன்றான் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப். பிறகு அவனும் சகோதரன் வீர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். 1311-ல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை வந்து சேர்ந்தது. என் நாடு கற்பனை நாடு, அங்கே மந்திரமும் உண்டு. ஆனால் கேள்வி அதேதான். சோறிட்ட மன்னனை அவன் மகனே கொன்றால், செஞ்சோற்றுக் கடனை யாரிடம் தீர்ப்பது?

முதல் எட்டு வரைவிலும் கொற்றன் "உயிருள்ளவரை உண்மையாக இருப்பேன்" என்ற ரீதியில் பேசினான். படித்தால் அமைச்சர் பதவிப் பிரமாணம் போல இருந்தது. வழி காட்டியது புறநானூற்றின் 72-ஆம் பாட்டு. பாண்டிய மன்னன் தலையாலங்கானத்து நெடுஞ்செழியன் அதில் 'வெல்வேன்' என்று வாக்குக் கொடுக்கவில்லை. வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும், புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். வஞ்சினத்தின் உயிர் அந்த 'விட்டால்' என்ற சொல்லில் இருக்கிறது. அன்றே எட்டு வரைவுகளையும் கிழித்துப் போட்டேன்.

இப்போது காட்சி போருக்கு முன் மன்னர் வீரர்களுக்குத் தரும் பெருஞ்சோறு என்னும் விருந்தில் நடக்கிறது. மன்னர் தம் இலையிலிருந்து ஒரு பிடி அள்ளி வைக்கிறார். உண்ட கையைக் கழுவாமல், மணிக்கட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கக் கொற்றன் சொல்கிறான்: "இந்தச் சோறுண்ட கை இந்தக் குடியின்மேல் வாள் ஓங்கினால், என் ஊர்க் கிணறு வற்றட்டும், என் பெயரைச் சொல்ல என் தாய்க்கு நாக் கூசட்டும், நான் விழும் இடத்தில் எவரும் கல் நடாது போகட்டும்."

'குடி' என்ற சொல்லில்தான் கதையே மாட்டிக்கொண்டிருக்கிறது. மன்னரின் மகன்கள், அண்ணன் தம்பி இருவரும் அதே குடி, அதே அரச குலம். யார் பக்கம் நின்றாலும் வஞ்சினம் முறியும். என் நாட்டில் சொன்ன சொல் பலித்தே தீரும். 'குடி' என்ற இந்த ஒரு சொல் கிடைத்ததில் எனக்குப் பெரும் பெருமை.

இரண்டாம் பாகத்துக்கும் ஒரு பொறி கிடைத்திருக்கிறது. இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகு சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது, மன்னனுக்காக உயிரையும் கொடுப்பதாகச் சூளுரைத்த அவனுடைய வேளைக்காரப் படையே அவனை எதிர்த்துக் கலகம் செய்தது. பின்னாளில் அதே வேளைக்காரர்கள் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் இருந்த தந்தக் கோயிலைக் காப்பதாகத் தமிழிலேயே கல்வெட்டு வெட்டினார்கள். அதை விட மனமில்லை.

  

தங்கை படித்துவிட்டு, "அண்ணா, கிணறு எப்போது வற்றும்?" என்று கேட்டாள். ஏழாம் அத்தியாயத்தை அங்கிருந்தே தொடங்கிவிட்டேன். போர்க்களத்தில் கொற்றன் முதல்முறை வாளை உருவுகிறான். ஊரில் அவன் தாய் விடியலில் வாளியை இறக்குகிறாள். கயிறு முழுதும் இறங்கியும் வாளி நீரைத் தொடவில்லை. ஒரு சாண் குறைகிறது.