சிவப்பு வரிகள்

பாரிஸில் காது கேளாதவர்களுக்கான பிரெஞ்சு சப்டைட்டில் எழுதும் வேலையில் இருந்தபோது, ‘ஜான்டார்ம்’ நகைச்சுவைப் படங்கள் ஆறும் வரிசையாக என் மேசைக்கு வந்தன. சான் த்ரோப்பே என்ற கடற்கரை ஊரின் காவலர்களை வைத்து ஜான் ஜிரோ 1964 முதல் 1982 வரை இயக்கியவை. இந்த வேலையில் நிறத்துக்குக் கணக்கு உண்டு. திரையில் தெரிபவர் பேசினால் வெள்ளை, ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் மஞ்சள், சத்தங்களுக்குச் சிவப்பு.

முதல் படத்தில் என்னைத் திணறடித்தவர் நடிகர் லூயி த ஃபூனெஸ். அவர் நடிக்கும் காவலர் க்ருஷோ, மேலதிகாரி ஜெர்பேர் முன்னால் பம்முவார். அடுத்த நொடியே தனக்குக் கீழே இருப்பவர்கள்மேல் பாய்வார். நடுவில் வரும் உறுமலுக்கும் முனகலுக்கும் என்ன எழுதுவது? பல இடங்களில் ஒன்றும் எழுதாமல் விட்டேன். முகமே போதும்.

தொடர் முழுக்க இறைத்தது அந்த ஒரு கிணற்றில்தான். 1965இல் நியூயார்க், 1968இல் கல்யாணம், 1970இல் கட்டாய ஓய்வு. அந்த நான்காவது படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மனைவியின் மாளிகையில் க்ருஷோ வேலையில்லாமல் தவிக்கிறார். அப்புறம், நினைவு தப்பிய சகா ஒருவருக்காகப் பழையவர்கள் எல்லோரும் மறுபடி சீருடை மாட்டுகிறார்கள். அதோடு முடித்திருக்கலாம்.

ஒன்பது வருஷம் கழித்து வேற்றுக்கிரகவாசிகள் வந்தார்கள். எண்ணெய் குடிப்பவர்கள், தட்டினால் வெற்றுப் பீப்பாய்போல ஒலிப்பவர்கள். அந்தப் பீப்பாய்ச் சத்தத்தை எழுதி எழுதி என் திரையில் சிவப்பு கூடிக்கொண்டே போனது. த ஃபூனெஸுக்கு 1975இல் மாரடைப்பு வந்திருந்தது; பழைய துள்ளலை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் முகம் செய்த வேலையைச் சத்தத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதுதான் எனக்கு வலித்தது. பிரான்ஸில் 60 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள், அதனால் ஆறாவதும் வந்தது.

ஒரே வேடிக்கை திரும்பத் திரும்ப வந்ததால் சலித்துவிட்டது என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். கன்னியாஸ்திரீ தறிகெட்டு ஓட்டும் அந்தச் சின்ன சித்ரோயன் காரை எத்தனை தடவை பார்த்தாலும் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் இருக்கிறாரே!

ஆறாவது படத்தின் படப்பிடிப்பு முடிவதற்குள் ஜிரோ இறந்துபோனார். டோனி அபோயான்ட்ஸ் முடித்துக் கொடுத்தார். படம் வந்த சில மாதங்களில், 1983 ஜனவரியில், த ஃபூனெஸும் போய்விட்டார். அதெல்லாம் தெரிந்துதான் அந்தக் கடைசிப் படத்துக்கு உட்கார்ந்தேன். க்ருஷோவும் ஜெர்பேரும் எதிரெதிரே நின்று முறைத்துக்கொள்ளும் இடங்களில் மறுபடியும் ஒன்றும் எழுதாமல் விட்டேன்.