டான்சில் வீக்கம்: உப்புத் தண்ணீர் எதுவரை, டாக்டர் எப்போது

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். செல்போன் டார்ச் போதும். நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும் சதைத் திரட்சியாகத் தெரிகிறதே, அதுதான் டான்சில். இரண்டும் ஒரே அளவா, சிவந்திருக்கிறதா, மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். 4 முதல் 7 வயதுவரை பிள்ளைகளுக்கு டான்சில் இயல்பாகவே பெரிதாகத்தான் இருக்கும். வலி, காய்ச்சல், குறட்டை எதுவும் இல்லையென்றால் அதற்கு வைத்தியமே தேவையில்லை.

வீட்டு வைத்தியத்தில் முதல் இடம் உப்புத் தண்ணீருக்குத்தான். பலருக்கு அது கேட்காமல் போவதற்குக் காரணம் அளவும் முறையும். 200 மில்லி டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்குத் தலைதட்டின அரை டீஸ்பூன் உப்பு, அதாவது ஏறக்குறைய 3 கிராம். அது ஒன்றரை சதவீதம் வரும். நம் உடம்புத் திரவத்தின் உப்பு 0.9 சதவீதம். வெளியில் உப்பு சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் வீங்கின சதையில் தேங்கிய நீர் வெளியே வரும். அதற்காக அள்ளிப் போடக் கூடாது. சென்னை காசிமேட்டுக் கடல் தண்ணீர் ஏறக்குறைய மூன்றரை சதவீதம். அந்த அளவுக்குக் கரித்தால் தொண்டை வறண்டு எரியும்.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் போர் தண்ணீரே உப்பாக இருக்கிறது, அதையே சுட வைத்துக் கொப்பளித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதில் எவ்வளவு உப்பு, கூடவே வேறென்ன இருக்கிறது என்று வீட்டில் அளக்க முடியாது. கேன் தண்ணீரோ, கொதித்து ஆறிய மெட்ரோ தண்ணீரோ எடுங்கள்.

வாயில் வைத்துக் கன்னத்தில் ஆட்டித் துப்பினால் பல்தான் சுத்தமாகும். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, அடித்தொண்டையில் "ஆ" என்று சத்தம் வரும்படி 20 நொடி கொப்பளிக்க வேண்டும். டம்ளர் தீரும்வரை இப்படியே, ஒரு நாளைக்கு நான்கு வேளை. முடித்த கையோடு டீ குடிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். பிரஷர் உள்ளவர்கள் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, புரையேறும். அவர்களுக்கு ஒரு டீஸ்பூன் தேன் போதும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதிலிருந்து பொட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் நஞ்சு நோய் பிடிக்க வாய்ப்பு உண்டு.

கஷாயத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தையும் அதிமதுரமும் வாங்குங்கள். சித்தரத்தை கல் மாதிரி இருக்கும். இடிக்காமல் போட்டால் சாரம் இறங்காது. அரை விரல் நீளத் துண்டு, அதே அளவு அதிமதுரம், ஐந்து மிளகு. மூன்றையும் தட்டி, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் ஒரு டம்ளராக வற்றவிடுங்கள். வடிகட்டி, சூடு தணிந்த பிறகு இரண்டு வேளையாகக் குடிக்கலாம். ஆவி பறக்கக் குடித்தால்தான் கேட்கும் என்பது தவறு, புண்ணான இடம் இன்னும் வெந்துபோகும். அதிமதுரத்தைத் தொடர்ந்து வாரக்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர், கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். மஞ்சள் தண்ணீரில் கரையாது; பாலில், சிட்டிகை மிளகுத்தூளோடு கால் டீஸ்பூன் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஐஸ் சாப்பிட்டால் டான்சில் வீங்கும் என்று பிள்ளைகளை மிரட்டுவது நம் ஊர் வழக்கம். உண்மையில் குளிர்ச்சி வலியை மரக்கச் செய்யும். பயப்பட வேண்டியது மீனுக்குப் போடும் ஐஸ் பாரை உடைத்துப் போட்ட ஜூஸுக்கு. கழுத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பு குழைத்துப் பூசுவதும், தொண்டைக்குள் விரலை விட்டு அமுக்குவதும் கூடவே கூடாது. முதலாவதில் தோல் வெந்துபோகும், இரண்டாவதில் ரத்தம் வரும், சீழ் பரவும்.

வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால் போடலாம். பிள்ளைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். சிரப் பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வகை உண்டு. 12 கிலோ குழந்தைக்கு முதல் வகையில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. லேபிளைப் பார்க்காமல் பழைய கணக்கில் ஊற்றினால் இரட்டிப்பு டோஸ் உள்ளே போய்விடும்.

வைரஸால் வந்த வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். வடியாமல் இழுத்துக்கொண்டே போனால் கஷாயத்தைக் கூட்டிப் பயனில்லை, காரணத்தைத் தேட வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, மணலிப் புகை என்று மூக்கு அடைத்தே இருந்தால் ராத்திரி முழுக்க வாயால்தான் மூச்சு போகும். காலையில் தொண்டை காய்ந்து வலிக்கும், பகலில் சரியாகும். அப்போது மருந்து மூக்குக்குத்தான். ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவர்களுக்கு அமிலம் மேலேறி இதே மாதிரி வலி வரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்கள். டான்சில் குழியிலிருந்து நாற்றமடிக்கும் வெள்ளைத் துணுக்கு வந்தால் அது டான்சில் கல். கொப்பளித்தால் உதிர்ந்துவிடும், ஹேர்பின்னால் நோண்டாதீர்கள்.

5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு இருமல், மூக்கொழுகல் இல்லாமல் திடீர்க் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படிவு, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். சரியாகக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக் காய்ச்சல் (ருமாட்டிக் காய்ச்சல்) வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும். பெனிசிலின், அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தால் வழக்கமாக 10 நாள். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இரண்டு நாளுக்கு வாங்கிப் போடும் மாத்திரை வலியை அடக்கும், கிருமியை அழிக்காது.

வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் வடிகிறது, ஒரு பக்கம் மட்டும் வீங்கி உள்நாக்கு எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது, மூச்சு விடும்போது சத்தம் கேட்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாம்பல் நிறத்தில் தோல் போலப் படிந்து, சுரண்டினால் ரத்தம் வருகிறதென்றால் டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) சந்தேகம், அதிலும் தாமதம் ஆகாது. மாவா, குட்கா, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் ஒரு பக்க டான்சில் மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் பெரிதாக இருந்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிச் சதைப் பரிசோதனை (பயாப்சி) தேவையா என்று கேளுங்கள்.

டான்சிலை எடுக்கும் ஆபரேஷனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டான்சில் வீக்கம் ஒரு வருஷத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் தலா 5, அல்லது மூன்று வருஷம் தலா 3. காய்ச்சல், நெறிக்கட்டி, வெள்ளைப் படிவு போன்ற அடையாளத்தோடு வந்த தடவைகள் மட்டுமே இதில் சேரும். ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சல் அளவு, போட்ட மருந்து மூன்றையும் காலண்டரில் குறித்து, அதைக் கிழித்தாவது ஓபிக்குக் கொண்டுபோங்கள். "அடிக்கடி வருது டாக்டர்" என்பதை வைத்து யாரும் கத்தி எடுக்க முடியாது.