பட்டன் கதை பாடும் கொடை

ஜூலை 28, 2024, ஞாயிறு

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செவ்வாய்க்கிழமை பட்டவராயனுக்கு, அதாவது தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டனுக்கு, கொடை என்னும் கோயில் திருவிழா. நாளை இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு, செவ்வாய் உச்சியில் மதியக்கொடை, அன்று நள்ளிரவில் சாமக்கொடை. மூன்று வேளையும் வில்லுப்பாட்டு உண்டு. சாமக்கொடைக்கு முத்துப்பட்டன் கதை.

வில்லுப்பாட்டை மேடையில் மட்டும் கேட்டவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொடையில் வில்லுக்காரர்கள் சாமிக்கு எதிரே உட்காருவார்கள். ஜனங்கள் சுற்றி இருந்தாலும் பாட்டு சாமியைப் பார்த்துத்தான். அந்தச் சாமி எப்படிப் பிறந்தது, எப்படிச் செத்தது என்பதை அதன் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். பட்டனைப் போல அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின் கதையில் அது லேசான வேலை இல்லை.

ஜூலை 29, திங்கள்

வில்லுக் கட்டுவதைப் பார்க்கச் சாயங்காலமே போய்விட்டேன். வைரம் பாய்ந்த பனையில் செய்த வில், ஆளை விட நீளம், மேலெல்லாம் மணிகள். குடத்தைப் புரிமணை என்ற வைக்கோல் வளையத்தில் வைத்து, வில்லின் நடுப்பகுதியை அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். குடம் வாசிக்கிறவர் ஒரு கையில் பத்தி என்ற தட்டும் மட்டையும் இன்னொரு கையில் நாணயமும் வைத்திருப்பார். பத்தி குடத்தின் வாயில் விழும்போது அடிவயிறு வரை அதிர்கிறது. நாணயம் அதன் பக்கத்தில் ‘டிங்’ என்று தனியாகப் பேசுகிறது. உடுக்கும் தாளமும் வழக்கம்போல. ஆர்மோனியமும் வந்திருந்தது.

தலைமை தாங்கிப் பாடுகிறவர் ஒரு அக்கா. பெண்கள் வில்லடிப்பது இங்கே புதிதில்லை. 2018இல் மறைந்த பூங்கனி அம்மாவின் பேரைச் சொன்னால் குமரி மாவட்டத்தில் இன்றும் பெரியவர்கள் முகம் மலரும். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது, கேட்டுவிட்டேன்.

“பொம்மக்கா திம்மக்காவ யாரு பிள்ளைங்கன்னு பாடுவீங்கக்கா?”

“வாலப்பகடை பெத்த பிள்ளைங்கதான். எங்க குரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. வேற மாதிரி பாடுங்கன்னு சில ஊர்ல கேப்பாங்க தம்பி. அந்தக் கொடைக்கு நான் ஒத்துக்கிறதில்ல.”

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டுப் போனவன், திரும்பும் வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைக் கண்டு மனதைப் பறிகொடுக்கிறான். அவர்கள் சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள். “குடுமியை அறு, பூணூலை அறு, செருப்புத் தைத்துக் கொண்டு வா, பெண் தருகிறேன்” என்கிறான் அப்பன். பட்டன் அத்தனையும் செய்கிறான். பிற்காலத்தில் இதைப் பொறுக்க முடியாத சிலர், அந்தப் பெண்கள் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவன் மட்டுமே என்று கதையைத் திருத்திவிட்டார்கள். அந்தத் திருத்தம் கதையின் உயிரையே எடுத்துவிடுகிறது. பட்டன் அறுத்த பூணூலுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

இரவு கணபதி காப்பு, குரு வணக்கம், அவையடக்கம், பிறகு சாஸ்தா கதை. சீக்கிரமே முடிந்தது.

ஜூலை 30, செவ்வாய், மதியம்

மதியக்கொடை ஆயிற்று. வெயிலில் கூட்டம் குறைவு. சாப்பிட்டுவிட்டு வந்து, இரவு விழித்திருக்க வேண்டுமே என்று பந்தலிலேயே படுத்துவிட்டேன்.

ஜூலை 31, புதன், விடிகாலை

தூக்கம் வரவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன்.

பத்து மணி போலக் கதை தொடங்கியது. அதற்கு முன்னால் அக்கா கோயில்காரர்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “பூசை எத்தன மணிக்கு?” பன்னிரண்டரை என்றார்கள். சாமக்கொடையில் பாடுகிறவரின் திறமை முழுக்க இதில்தான் இருக்கிறது. பட்டன் சாகும் இடமும் பூசை நேரமும் ஒன்றாக வந்து சேர வேண்டும். சாவைப் பாடும்போதுதான் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரும். முந்திப் பாடினால் சாமிக்கு வைக்கும் படைப்பு தயாராகியிருக்காது. பிந்தினால் எல்லாரும் காத்துக் கிடக்க வேண்டும்.

நேற்று படைப்பு தாமதமாகிவிட்டது. அக்கா உள்ளே ஒரு பார்வை பார்த்தார். கதை அப்போது செருப்புத் தைக்கும் இடத்துக்கு வந்திருந்தது. வில்லை அடிக்கும் வீசுகோல் இரண்டையும் மடியில் வைத்துவிட்டார். இடது கையில் தோல், வலது கையில் ஊசி. இல்லாத நூலை நாக்கில் நனைத்து, கண்ணைச் சுருக்கிக் கோத்தார். இடப்பக்கம் பாடும் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

“வேதம் படிச்ச கை ஆச்சே, ஊசி பிடிக்குமா?”

“பிடிக்கலியே. குத்திட்டே.”

“ஆமா… எங்க குத்திச்சு?”

“பெருவிரல்ல.”

“ரத்தம் வந்துதா?”

“வந்துது. யாரு ரத்தம் மாதிரி இருந்துதுன்னு கேளுங்க.”

“யாரு ரத்தம் மாதிரி இருந்துது?”

“வாலப்பகடை ரத்தம் மாதிரியே இருந்துது!”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஆனால் எனக்கு முன்னால் இருந்த பாட்டி சிரிக்கவில்லை. “அப்படிச் சொல்லு தாயீ” என்றார். இந்தக் கேள்வி பதில் எந்த ஏட்டிலும் இருக்காது என்று அடித்துச் சொல்வேன். நேரத்தை நிரப்ப அந்த நிமிடத்தில் பிறந்தது அது. இடப்பக்கம் ‘ஆமா’ போடுகிறவரைத் துணைப் பாடகர் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் சரியான கேள்வி கேட்டிருக்காவிட்டால் அந்த ரத்தம் வந்திருக்காது.

பூசாரி தலையசைத்ததும் வீசுகோல் மறுபடி கைக்கு வந்தது. கல்யாணத்தை நாலு அடியில் முடித்தார். கல்யாண ராத்திரியே மாட்டுக் கிடையில் கள்ளர் விழுந்த சேதி வருகிறது. பட்டன் ஓடுகிறான், சண்டையில் ஜெயிக்கிறான். மறைந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். குடமும் உடுக்கும் ஒரே வேகத்தில் ஏற, பெண்கள் குலவையிட, கோமரத்தாடிக்கு அருள் வந்துவிட்டது. அக்கா நிறுத்தவில்லை. கோமரத்தாடி ஆடி அடங்கும் வரை அதே அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடினார். பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்கும் பகுதி வரும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. முன்வரிசையில் பல பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நேற்று முழுக்க உறக்கம். இன்று அக்காவோடு போனில் பேசினேன். நகரத்துக் கலைவிழா ஒன்றில் இதே குழுவுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார்களாம். இன்னும் பட்டனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, “நேரமாச்சு” என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டதாம். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

மேடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லில் காந்தி கதை சொன்னார். சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, அடுத்த ஆண்டு மறைந்தார். அவர்கள் மேடைக்கென்றே கதை கட்டினார்கள், அது அழகாக நின்றது. கொடைக் கதையை வெட்டி மேடைக்குக் கொண்டுபோவது வேறு விஷயம். விழா நடத்துகிறவர்களை நான் கேட்பது இதுதான்: பத்துக் குழுவைக் கூப்பிடாதீர்கள், ஒரு குழுவைக் கூப்பிட்டு ஒரு ராத்திரியைக் கொடுங்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கால் வைக்க இடமில்லை. பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகக் கொடுத்த தோல் செருப்புகள் தொங்குகின்றன. பூணூலை அறுத்து ஊசி பிடித்தவனுக்கு, அவன் தைக்கக் கற்றுக்கொண்ட பொருளே காணிக்கை. பட்டன் போட்டு நடப்பதால் அவை தேய்ந்துபோகும் என்பது இங்கே நம்பிக்கை.

கொடையில் பார்த்த அந்தப் பாட்டியை இங்கேயும் பார்த்தேன். பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், பெருவிரலில் ஊசி குத்திய இடம் வரை.

அக்கா குழுவுக்கு அடுத்து சுடலைமாடன் கோயில் கொடை. முழு இரவையும் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டதற்கு, “சாமிகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் தம்பி” என்றார். சரி என்று வந்தால் இடப்பக்கத்து அண்ணாச்சிக்கும் தனியாக ஒரு மைக் வைக்கப்போகிறேன்.