ஸ்லைடின் ஓரத்தில் இருந்த செல்கள்

கருப்பைவாயிலிருந்து எடுத்த செல்களில் புற்றுநோயின் முன்னறிகுறியைத் தேடுவது பாப் ஸ்மியர். அந்த ஸ்லைடு பார்க்கப் பழகும் எவரையும் முதலில் மிரள வைப்பது கோய்லோசைட்தான். அகலமான செல். நடுவே உலர்ந்த திராட்சைபோல் சுருங்கிக் கறுத்த உட்கரு. அதைச் சுற்றி, பென்சிலால் விளிம்பு வரைந்ததுபோல் ஒரு வெற்று வளையம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் உள்ளே வேலை செய்கிறது என்று அது சத்தம் போட்டே சொல்லிவிடும். பயிற்சிக் காலத்தில் இதைக் கண்டாலே பெரிய ஆபத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பேன்.

நிலைமை கிட்டத்தட்ட நேரெதிர் என்று புரிய நாளாயிற்று. கோய்லோசைட்டில் வைரஸ் தன் நகல்களைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை சி.ஐ.என். 1 முதல் 3 வரை தரம் பிரிப்போம்; அது பெரும்பாலும் சி.ஐ.என். 1 என்ற லேசான மாற்றம். எச்.பி.வி. தொற்றுகளில் சுமார் 90 சதவீதத்தை உடலே இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. லேசான மாற்றங்களும் பெரும்பாலும் கூடவே மறைந்துவிடும்.

பயப்பட வேண்டிய செல்கள் அமைதியானவை. சி.ஐ.என். 3 செல்கள் சிறியவை, கறுத்தவை, உட்கருவைச் சுற்றி இத்துனூண்டு சைட்டோபிளாசம் மட்டும். இங்கே வைரஸ் நகல் எடுக்கும் வேலையை ஏறக்குறைய விட்டுவிட்டது. ஆனால் அதன் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள் கட்டுப்பாடின்றி உற்பத்தியாகின்றன. இ6, பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது. இ7, செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. அப்புறம் அந்தச் செல்லை நிறுத்த ஆளில்லை.

ஒரு மாலை, அன்றைய கடைசி ஸ்லைடுகளில் ஒன்றில் கோய்லோசைட்டுகள் நிறைய இருந்தன. 'லோகிரேடு', அதாவது லேசான மாற்றம், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட் போய்விட்டது. மறுநாள் அதே பெண்ணின் எச்.பி.வி. பரிசோதனை முடிவு வந்தது: டைப் 16, அபாயமான வகை. மனது கேட்கவில்லை. ஸ்லைடை எடுத்து ஓரத்திலிருந்து மறுபடி ஓட்டினேன். கவர்ஸ்லிப் விளிம்பை ஒட்டிய ஒரு சளித் தாரையில், எறும்பு வரிசைபோல் பத்துப் பன்னிரண்டு சின்னக் கறுப்புச் செல்கள். முந்தின நாள் அழற்சி செல்கள் என்று எண்ணிக் கடந்திருக்கிறேன். உடனே அவருடைய மருத்துவருக்குப் போன் செய்து, திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பினேன். பயாப்சியில் சி.ஐ.என். 3 என்றே வந்தது. பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் அகற்றினார்கள்.

"டைப் 16 வந்தாலே எப்படியும் கோல்போஸ்கோப்பிக்கு அனுப்பியிருப்பார்கள்" என்று சக மருத்துவர் ஆறுதல் சொன்னார் (கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனை அது). உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடியது என் கண் அல்ல, அந்த எண். அது என்னை இன்றுவரை விடவில்லை.

எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 6, 11 பெரும்பாலும் மருக்களோடு நின்றுவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் 16, 18 ஆகிய இரண்டால் மட்டுமே வருகிறது. 1983இல் 16ஐயும் அடுத்த ஆண்டு 18ஐயும் புற்றுத் திசுவிலிருந்து பிரித்துக் காட்டிய குழுவின் தலைவர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. 16 அதிக நாள் உடலில் தங்கும், சி.ஐ.என். 3க்கு வேகமாகக் கொண்டுபோகும். 18இன் தொல்லை வேறு மாதிரி. கருப்பைவாய்க் குழாயின் உள்ளே இருக்கும் சுரப்பிச் செல்களை அது அதிகம் பிடிக்கிறது. அங்கே செல் எடுக்கும் பிரஷ் சரியாக எட்டுவதில்லை, கோல்போஸ்கோப்பிலும் எளிதில் தெரியாது. 18 பாசிட்டிவ் என்றால், ஸ்லைடு சுத்தமாக இருந்தாலும் எனக்கு நிம்மதி வராது.

இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ரிப்போர்ட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி லேப் வாசலில் நின்றார். 16, 18 இல்லை. வேறொரு அபாய வகை பாசிட்டிவ். ஸ்மியர் சுத்தம். "டாக்டர், எனக்குக் கேன்சரா?" என்றார். "இல்லைம்மா. இது வைரஸ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. உங்கள் டாக்டர் சொல்கிறபடி ஒரு வருடம் கழித்து மறுபடி பாருங்கள், பெரும்பாலும் போயிருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று தெரியுமா?" என்றார். வைரஸ் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது, அதைச் சொல்லும் பரிசோதனையே கிடையாது என்றேன். அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். உள்ளபடியே அவர் கேட்க வந்த கேள்வி அதுதான் போலிருக்கிறது. 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கொடுத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. எந்த வகை, செல்லில் மாற்றம் உண்டா, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நான் எண்ணைப் பார்க்காமல் ஒருமுறை ஸ்லைடைப் படிக்கிறேன், எண் வந்த பிறகு ஓரங்களை மட்டும் இன்னொரு முறை. அந்தப் பழைய ஸ்லைடு என் மேஜை டிராயரில் இருக்கிறது, பெயர் நீக்கி, சளித் தாரைக்குப் பக்கத்தில் மைப்புள்ளி வைத்து. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் புள்ளியை அழித்துவிட்டுக் கொடுப்பேன். எல்லாரும் ஒரு நிமிடத்தில் கோய்லோசைட்டைக் காட்டிவிடுவார்கள். "சரி, இன்னும் தேடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.