குழுச் சண்டைக் கேம்களை மறுபடி ஆடிப் பார்த்த குறிப்புகள்

குழுவாகச் சென்று சண்டையிடும் கற்பனை உலக ரோல்-பிளேயிங் கேம்களில் (கதாபாத்திரங்களை ஏற்று ஆடுபவை) சண்டை எங்கே சுவைக்கிறது, எங்கே சலிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்காக, முன்பே முடித்த சில கேம்களை மூன்று நிபந்தனைகளோடு மறுபடி ஆடி வருகிறேன். முன்வரிசையில் ஒரு கவச வீரர், ஒரு மந்திரவாதி, காயம் ஆற்றும் ஒருவர், ஒளிந்து தாக்கும் ஒரு திருடர் ஆகிய நால்வரும் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். கடினநிலை நடுத்தரத்துக்கு ஒரு படி மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு சிறு சண்டை முடிந்ததும் குழுவை உறங்க வைத்து மந்திரங்களை நிரப்பிக்கொள்ளக் கூடாது. இவற்றில் மூன்றாவது நிபந்தனையே எனக்கு அதிகம் சொல்லித்தந்தது.

1998இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டிலிருந்து தொடங்கினேன். சண்டை நிகழ்நேரத்தில் ஓடும். ஸ்பேஸ் விசையை அழுத்தினால் உறைந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றும் ஆறு விநாடி. முதல் லெவலில் ஒரு சாதாரண மந்திரவாதியிடம் ஒரே ஒரு மந்திரம்தான் இருக்கும். தூங்கவைக்கும் மந்திரத்தை அவர் சரியான நேரத்தில் ஏவினால், எதிரே வந்த சிறு கும்பல் முழுவதும் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு அன்றைய பொழுது முழுக்க அவர் கவண்கல் எறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். தாராளமாக உறங்க அனுமதித்தால் இந்த மந்திரம் வெறும் பொத்தானாகிவிடுகிறது. உறக்கத்தை மறுத்ததும், இந்தக் கும்பலுக்கு இதைச் செலவழிக்கலாமா, அடுத்த திருப்பத்தில் இதைவிடப் பெரிய கும்பல் நிற்குமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது. வழிகண்டு நடப்பதில் மட்டும் இந்தக் கேம் இன்றும் எரிச்சலூட்டுகிறது. குறுகிய சுரங்கத்தில் ஆறு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்க, கடைசியில் இருப்பவர் எங்கோ சுற்றிக்கொண்டு எதிரியின் மடியில் போய் விழுவார்.

இரண்டாம் பாகத்தில் மந்திரவாதிகளுக்கு இடையிலான மோதலே சண்டையின் உச்சம். எதிரி தன் தோலைக் கல்லாக்கிக்கொள்கிறார், தன்னைப் போலவே பல பிம்பங்களை நிறுத்துகிறார். ஒரு மந்திரத்தால் பிம்பங்களைக் கலைத்து, மற்றொன்றால் கல்தோலை உடைத்த பிறகுதான் வாளுக்கு வேலை. பூட்டைத் திறப்பது போன்ற இந்த ஒழுங்கு அருமையானது. ஆனால் அதுவரை கவச வீரர் காற்றைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு மட்டுமே யோசிக்க வேலை இருப்பதைக் குழுச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2009இல் வெளியான டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் இதற்கு வேறொரு வழி கண்டது. ஒவ்வொரு துணைவருக்கும் நிபந்தனைப் பட்டியல் ஒன்றை எழுதிவைக்கலாம்: உயிர்நிலை பாதிக்குக் கீழே போனால் மருந்து குடி, மந்திரவாதியை எதிரி நெருங்கினால் அவனைத் தாக்கு என்பன போன்ற கட்டளைகள். இந்தப் பட்டியலை எழுதித் திருத்தும் நேரம் சண்டையைவிடச் சுவையானது என்பேன். சிக்கலும் அதிலேதான் இருக்கிறது: பட்டியல் நன்றாக அமைந்துவிட்டால் ஆடுபவருக்கு வேலையில்லை. போதாததற்கு, சண்டை முடிந்ததும் எல்லாருடைய உயிர்நிலையும் தானாக நிரம்பிவிடுகிறது. கீழே விழுந்து எழுந்தவருக்கு மட்டும் ஒரு காயம் மிஞ்சும், அதையும் ஒரு மருந்துப்பை சரிசெய்துவிடும். ஆகவே ஒரு சண்டை அடுத்த சண்டையை எந்த வகையிலும் தொடுவதில்லை. நிலத்தடிப் பாதைகளில் ஒரே மாதிரியான கும்பல்களை வரிசையாக வெட்டிச் சாய்க்கும்போது ஏற்படும் அலுப்புக்கு, கும்பல்களின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றும் சுவடில்லாமல் முடிந்துபோவதே காரணம் என்று இந்த முறை எனக்குத் தெளிவாகப் பட்டது.

2015இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி இந்தச் சுவட்டைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. வெளியிடத்தில் தங்குவதற்கான பொருள்களை எளிய நிலையில் ஆறும், நடுத்தரத்தில் நான்கும், கடினத்தில் இரண்டும் மட்டுமே சுமக்க முடியும். அத்துடன், கைகலப்பில் மாட்டியவர் விலகி ஓடினால் ஓர் அடி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற விதி இருப்பதால், கதவு நிலையில் நிற்கும் கவச வீரர் உண்மையாகவே கதவாகிறார். முன்வரிசை என்பதற்குப் பொருள் கொடுத்த கேம்களில் இதை முதலிடத்தில் வைப்பேன். திரையில் ஆறு பேரின் மந்திர ஒளியும் எதிரிகளின் ஒளியும் ஒன்றாகக் கொட்டும்போது யார் எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் போவது இதன் குறை; நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் தெரிவதில்லை.

ஒருவர் பின் ஒருவராக முறைவைத்து ஆடும் கேம்களில் அந்தக் குழப்பம் இல்லை. 2017இன் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2இல் தரையே ஆயுதம்: எண்ணெய் எரியும், நீரில் மின்சாரம் பாயும், நஞ்சுக் குட்டையில் தீப்பொறி விழுந்தால் தீப்பற்றும். ஆனால் ஒவ்வொருவருக்கும் உடற்கவசம், மந்திரக் கவசம் என இரு தனிப் பட்டைகள் வைத்தார்கள்; உரிய பட்டை தீரும்வரை எதிரியை வீழ்த்தவோ உறையவைக்கவோ முடியாது. என் கலப்புக் குழுவில் வில்லும் வாளும் ஒரு பட்டையைத் தேய்க்க, மந்திரவாதி மற்றொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரி இரண்டும் பாதி தேய்ந்த நிலையில் திடமாக நின்றான். நால்வரும் ஒரே வகைத் தாக்குதலைச் செய்திருந்தால் அவன் அப்போதே விழுந்திருப்பான். பலவகைப்பட்டவர்கள் சேர்ந்த குழுவைப் போற்ற வேண்டிய வகையான கேமில், பலவகையாக இருப்பதற்கே தண்டனை விதிக்கும் விதி இது; எத்தனை முறை ஆடினாலும் எனக்கு ஏற்புடையதாகவில்லை.

2023இன் பால்டர்ஸ் கேட் 3 அந்தப் பட்டைகளை விட்டுவிட்டது. பாழடைந்த கிராமத்தின் வாயிலில் கோப்ளின் எனும் குட்டி அரக்க இன வில்லாளிகள் கூரைமேல் நிற்பார்கள். அடி படுமா என்று தீர்மானிக்கும் பகடை எண்ணில், உயரத்திலிருந்து எய்பவருக்கு இரண்டு புள்ளி கூடும், கீழிருந்து எய்பவருக்கு இரண்டு குறையும். கவச வீரரைத் தெருவில் நிறுத்தி அவர்கள் கண்ணில் படவைத்து, திருடரைப் பின்பக்கமாகக் கூரைக்கு ஏற்றினேன். தள்ளிவிடுவது உபசெயலாக, அதாவது முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யக்கூடிய சிறு செயலாக, இருப்பதால், ஒரு கோப்ளினைக் குத்திய கையோடு அவனைக் கீழேயும் உருட்டிவிட முடிந்தது. விழுந்த இடத்தில் கவச வீரர் காத்திருந்தார். மூன்று விதிகள் ஒன்றையொன்று தொட்டு ஒரு காட்சியை உண்டாக்கும் இத்தகைய கணங்களுக்காகத்தான் இந்தக் கேம்களை ஆடுகிறேன்.

இதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. யார் முந்துவது என்பதை, அவரவர் வேகத்தோடு நான்கு பக்கப் பகடையின் சிறு எண்ணை மட்டும் கூட்டித் தீர்மானிப்பதால், வேகம் மிக்கவர்களே ஏறக்குறைய எப்போதும் முந்துகிறார்கள். கேமின் பின்பகுதியில் முதல் சுற்றிலேயே பாதி எதிரிகள் விழுந்துவிட, மிச்சம் வெறும் துப்புரவுப் பணி. மற்றொன்று உறக்கம். நீண்ட ஓய்வுக்கு நடுத்தர நிலையில் 40 அளவும், அதற்கு ஒரு படி மேலே 80 அளவும் உணவுப்பொருள் வேண்டும் என்கிறது கேம். ஆனால் பெட்டிகளையும் பீப்பாய்களையும் துழாவினால் தேவைக்கு மேல் கிடைத்துவிடுகிறது. விலை எழுதியிருந்தும் யாரும் வசூலிக்காத பொருள்போல ஓய்வு அங்கே கிடக்கிறது.

காயம் ஆற்றுபவரைப் பற்றி ஒரு சொல். ஒரு சுற்றில் அவர் ஆற்றுவதைவிட எதிரி அதிகம் அடித்துவிடுவதால், பால்டர்ஸ் கேட் 3இல் துணைவர் விழும்வரை காத்திருந்து, தொலைவிலிருந்தே உபசெயலாக எழுப்பிவிடுவதே லாபம். கணக்குச் சரிதான். ஆனால் தோழர் விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கும் பூசாரியை எந்தக் கதையில் ஏற்றுக்கொள்வோம்?

இப்போது பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் த ரைட்டியஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021இல் வெளியான இதில் நிகழ்நேரத்துக்கும் முறைவைப்புக்கும் இடையே நடுச் சண்டையிலும் மாறிக்கொள்ளலாம். சில்லறைக் கும்பல்களை நிகழ்நேரத்தில் ஓடவிட்டு, பெரிய எதிரி வரும்போது மட்டும் முறைவைப்புக்கு மாறுகிறேன். இது, இவ்விரண்டில் எது மேல் என்ற இரு தரப்பு ரசிகர்களின் நெடுநாள் வாக்குவாதத்தையும் எனக்குத் தேவையற்றதாக்கிவிட்டது. சண்டைக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு காப்பு மந்திரங்களை ஒவ்வொன்றாகப் போட வைப்பதுதான் இதன் தீராத தொல்லை. உறங்காமல் நெடுநேரம் அலைந்தால் குழு களைத்துப் பலம் குன்றுகிறது; உறக்கம் கூடும்போது தீமையின் மாசு ஏறி வேறுவகையில் பலம் குறைக்கிறது. என் மூன்றாவது நிபந்தனையை இங்கே நானாகச் சுமத்த வேண்டியிருக்கவில்லை. அந்த மாசு எந்த அளவுக்கு ஏறினால் கவச வீரர் வாயிலைக் காக்க முடியாமல் போகிறார் என்பதைத்தான் அடுத்துப் பார்த்துக் குறிக்கப்போகிறேன்.