போர்டில் ஹெட்டர் இல்லை, ஆனாலும் விளக்கு எரிகிறது

என் கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. ஐ5 4590 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்3 ரேம். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். அந்த வேலைக்கு இது இன்றும் தாராளமாகப் போதும். மகன் விளையாடுவதற்காக இடையில் ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு போட்டோம். அவ்வளவுதான் மாற்றம்.

போன வருடம் கேபினெட்டின் பவர் சுவிட்ச் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. முன்பக்கக் காற்று வழியும் எப்போதோ உடைந்துவிட்டது. சரி, கேபினெட்டை மட்டும் மாற்றுவோம் என்று ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். கண்ணாடிப் பக்கமும் நான்கு விளக்கு ஃபேன்களும் உள்ள ஒன்றை மகன் கை காட்டினான். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. முன்பக்கம் முழுக்க வலை. சென்னை வெயிலுக்கு அது நல்லதென்று எனக்கும் பட்டது.

வீட்டுக்கு வந்து கொழுந்தன் பொருத்திக் கொடுத்தான். பொருத்திக்கொண்டே சொன்னான்: "அண்ணி, உங்க போர்டுல லைட்டுக்கு ஹெட்டரே இல்ல. இத கன்ட்ரோல் பண்ணணும்னா போர்ட மாத்தணும்." போர்டை மாற்றினால் பிராசஸர் பொருந்தாது. ரேம் டிடிஆர்3, அதுவும் பொருந்தாது. அந்த ஹெட்டர், அதாவது மூன்று பின் (ஊசி) உள்ள ஒரு சாக்கெட் இல்லை என்பதற்காக, பத்து வருடமாக ஒரு நாள்கூடப் படுக்காத மூன்று பொருட்களைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அன்று ஆரம்பித்த வேலை முடிய ஒன்றரை மாதம் ஆனது.

முதல் பிரச்சினை விளக்கு இல்லை, சத்தம். ஃபேன்களைப் பெரிய மோலெக்ஸ் கனெக்டரில் மாட்டியிருந்தோம். மோலெக்ஸில் மாட்டினால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) தருகிற 12 வோல்ட் முழுசாகப் போகும். நான்கும் எந்நேரமும் உச்ச வேகத்தில் சுற்றும். ஹாலில் மாமியார் படுக்கிறார், ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் எனக்கு வேலையே ஓடும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சத்தத்தை முதலில் முடிக்கலாம், விளக்கு அப்புறம் என்று பிரித்துக்கொண்டேன். இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எல்லாமே புரிய ஆரம்பித்தது. ஃபேனிலிருந்து இரண்டு கேபிள் வருகிறது. ஒன்று மோட்டாருக்கு, ஒன்று விளக்குக்கு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கடையில் கேட்டபோது, எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா பவர் கேபிளில் ஓடும், பல ஃபேன்களை ஒன்றாக இணைக்கும் ஒரு ஃபேன் ஹப் கொடுத்து, இதைப் போட்டால் எல்லாம் கட்டுப்படும் என்றார்கள். மாட்டினேன். சத்தம் துளிகூடக் குறையவில்லை. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) வேகத்தை எவ்வளவு இறக்கினாலும் அதே இரைச்சல். ஹப்பில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகும் முன்தான் ஃபேன் பிளக்கை உற்றுப் பார்த்தேன். அதில் மூன்று பின்தான் இருந்தது.

நான்கு பின் ஃபேனுக்கு எப்போதும் 12 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். நான்காவது கம்பியில் ஒரு நொடிக்கு 25,000 துடிப்பு ஓடும். அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் மேலே, எவ்வளவு நேரம் கீழே என்பதை வைத்து ஃபேன் தன் வேகத்தைத் தானே அமைத்துக்கொள்கிறது. மூன்று பின் ஃபேனுக்கு அந்தக் கம்பியே கிடையாது. அதை மெதுவாக்க ஒரே வழி, போகும் வோல்டேஜையே குறைப்பது. நான் வாங்கிய மாதிரி ஹப் நான்காவது கம்பியின் துடிப்பை மட்டும்தான் பிரித்துக் கொடுக்கும். வோல்டேஜை அது தொடாது. ஆகவே ஹப்பில் குறையில்லை, என் ஃபேனுக்கு அது பொருத்தமில்லை. வாங்கும் முன் பின்னை எண்ணுங்கள். நான் எண்ணாததால் ஒரு நடை வீண்.

என் போர்டில் பிராசஸர் ஃபேன் சாக்கெட் போக, கேபினெட்டுக்கென்று ஒரே ஒரு சாக்கெட் இருக்கிறது. பொதுவாக ஒரு ஃபேன் சாக்கெட் 1 ஆம்பியர் வரை தாங்கும். என் ஃபேன் மோட்டாரின் மேல் 0.15 ஆம்பியர் என்று போட்டிருந்தது. நான்கும் சேர்ந்தால் 0.6. சுற்ற ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அதற்கும் இடம் இருக்கிறது. ஹப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றை நான்காகப் பிரிக்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர் கேபிள் போட்டேன். பயாஸில் அந்தச் சாக்கெட்டை வோல்டேஜ் முறைக்கு மாற்றினேன். சத்தம் அடங்கியது. மாமியார் எட்டிப் பார்த்து, "அணைச்சுட்டியா?" என்றார்.

(உங்கள் ஃபேனில் மோட்டாருக்கும் விளக்குக்கும் ஒரே கேபிள் என்றால் இந்த வழி வேண்டாம். வேகத்தைக் குறைக்கும்போது விளக்கும் மங்கும்.)

பயாஸில் இன்னொரு குறை இருந்தது. அது பிராசஸரின் சூட்டை மட்டுமே பார்க்கும். மகன் விளையாடும்போது கொதிப்பது கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கு 'ஃபேன்கன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். பிராசஸர், கார்டு இரண்டின் சூட்டையும் எடுத்து, எது அதிகமோ அதன்படி ஃபேனை ஓட்டச் சொல்லலாம். என் ஃபேன்கள் 35 சதவீதத்துக்குக் கீழே நின்றுவிடுகின்றன, நின்றது மறுபடி கிளம்ப 45 வேண்டும். அதனால் 45-க்குக் கீழே போகவே விடுவதில்லை. 50 டிகிரி வரை அதே மெதுவான வேகம், 75 டிகிரியில் 80 சதவீதம். இதில் நான் ரொம்ப நேரம் செலவழித்தது தாமதத்தை அமைப்பதில். 300 பக்கப் புத்தகத்தை பிடிஎஃப் ஆக்கும்போது பிராசஸர் சில நொடிகள் திடீரென்று சூடாகித் தணியும். ஒவ்வொரு முறையும் ஃபேன் எகிறி இறங்கினால் தொடர்ந்து வரும் சத்தத்தைவிட அது எரிச்சல். சூடு சில நொடி நிலைத்தால் மட்டும் வேகம் கூடும்படி வைத்த பிறகுதான் நிம்மதி.

இனி விளக்கு.

ஃபேனிலிருந்து வரும் விளக்கு பிளக்கில் நான்கு பின்னுக்கு இடம் இருக்கும், ஒன்று அடைத்திருக்கும். 5 வோல்ட், டேட்டா, காலி, கிரவுண்டு (மின்சாரம் திரும்பும் கம்பி) என்று வரிசை. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு குட்டிச் சிப். டேட்டா கம்பியில் வரும் முதல் 24 பிட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடும். பந்தியில் இலை இலையாகக் கடத்துகிற மாதிரி. அதனால்தான் ஒரே கம்பியில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிறம் தர முடிகிறது. இதே மாதிரி தோற்றத்தில் 12 வோல்ட், நான்கு பின் வகையும் உண்டு. கொழுந்தன் யாரிடமோ வாங்கி வந்த கன்ட்ரோலர் அந்த வகை. நல்லவேளை, மாட்டும் முன்பே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டோம். 5 வோல்ட் விளக்கில் 12 வோல்ட் ஏற்றினால் ஒன்றும் மிஞ்சாது.

கேபினெட்டோடு ஒரு ரிமோட் கன்ட்ரோலரும் வந்திருந்தது. வெறும் விளக்கு போதும் என்பவர்களுக்கு அதுவே போதும். அதில் இரண்டு பின் கம்பி ஒன்று தொங்கும். அதை கேபினெட்டின் ரீசெட் பட்டனில் இணைத்துவிட்டால், பட்டனை அமுக்கும்போதெல்லாம் நிறம் மாறும். ரீசெட் பட்டன் என்பது இரண்டு கம்பியை ஒன்றையொன்று தொட வைக்கும் ஒரு சுவிட்ச், வேறொன்றுமில்லை. செலவே இல்லாத வேலை. ஆனால் எங்களுடையது ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் வானவில்லுக்குத் திரும்பிவிடும். "அம்மா, ஒரே கலர்ல நிக்க மாட்டேங்குது" என்று இரண்டு வாரம் புலம்பல்.

அப்புறம்தான் இஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு போர்டு ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும், வைஃபை உண்டு. அதில் 'டபிள்யூஎல்இடி' என்ற இலவச மென்பொருளை ஏற்ற வேண்டும். யுஎஸ்பி கேபிளில் மாட்டி, குரோமில் அவர்களுடைய நிறுவல் பக்கத்தைத் திறந்து, ஒரு பட்டனை அமுக்கினால் ஏறிவிடுகிறது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் பிறகு போனிலிருந்தே நிறம், வெளிச்சம், அசைவு எல்லாம்.

மின்சாரத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். எனக்கு ஃபேனுக்கு 12, மொத்தம் 48 விளக்கு. கணக்குப்படி 2.88 ஆம்பியர். யுஎஸ்பி 2.0 தருவது அரை ஆம்பியர், ஆகவே யுஎஸ்பியிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரு மோலெக்ஸ் நீட்டிப்புக் கேபிளில் சிவப்பும் கறுப்பும் மட்டும் எடுத்தேன். சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12. மஞ்சளை வெட்டி டேப் சுற்றி, அதன் மேல் இன்னொரு உறையும் போட்டேன். நோட்எம்சியு போர்டுக்கும் விளக்குக்கும் அதிலிருந்தே மின்சாரம், கிரவுண்டு பொது. இதில் ஒரு வசதி, கம்ப்யூட்டரை அணைத்ததும் விளக்கும் அணையும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் போகும்போது யுஎஸ்பி கேபிளை மாட்டுவதில்லை என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். மென்பொருளிலேயே மொத்த மின்னோட்டத்துக்கு உச்ச வரம்பு வைக்கலாம். 1500 மில்லி ஆம்பியர் வைத்தேன், அதற்கே ஹால் நிறைய வெளிச்சம்.

எரிந்தது. ஆனால் முதல் ஃபேனில் அவ்வப்போது ஒரு பச்சைத் துளி வெட்டி வெட்டி மறைந்தது. கம்பியை மாற்றினேன், சால்டரை மறுபடி வைத்தேன், போகவில்லை. மூன்று ராத்திரி போனது. காரணம் கடைசியில் கணக்கில் இருந்தது. விளக்குச் சிப் 5 வோல்ட்டில் ஓடும்போது, டேட்டா கம்பியில் அதன் 70 சதவீதம், அதாவது 3.5 வோல்ட் வந்தால்தான் அதை 'ஒன்று' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். நோட்எம்சியு தருவது 3.3. பெரும்பாலும் ஓடிவிடும், சில சமயம் தடுமாறும். 74எச்சிடி125 என்ற சிப்பை நடுவில் வைத்தால் 3.3-ஐ வாங்கி 5 ஆக்கிக் கொடுக்கும். டாட் போர்டில் (துளைகள் உள்ள அட்டையில்) அதைச் சால்டர் செய்தேன். முதல் பின்னை கிரவுண்டில் போட வேண்டும், இரண்டில் உள்ளே, மூன்றில் வெளியே. வெளியே வரும் கம்பியில் ஒரு 330 ஓம் ரெசிஸ்டர். 5 வோல்ட் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பச்சைத் துளி அதோடு போனது. அந்த ராத்திரி விளக்கை ஒரே நீலத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைஃபை கொஞ்சம் படுத்தியது. இரும்புத் தகட்டுக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் செத்துவிடும். மேல்பக்க வலைக்கு அருகே, ஆன்டெனா முனை வெளியே பார்க்கும்படி ஒட்டினேன், சரியாகிவிட்டது.

கடைசி வேலை மகனுடையது. பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் பைத்தான் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டை ஐந்து நொடிக்கு ஒரு முறை படித்து, வீட்டு வைஃபை வழியாக அந்தக் குட்டி போர்டுக்கு நிறத்தை அனுப்பும் சின்ன நிரல் ஒன்றை அவனே எழுதினான். 60 டிகிரிக்குக் கீழே நீலம், 75-க்கு மேல் ஆரஞ்சு, இடையில் மெல்ல மாறும். அழகுக்கென்று அவன் கேட்ட விளக்கு அன்றிலிருந்து எனக்கும் தேவையான பொருளாகிவிட்டது.

போன வாரம் அவன் வழக்கமாக விளையாடும் அதே கேம், அதே நேரம், ஆனால் பத்தே நிமிடத்தில் ஆரஞ்சு. முன்பக்க வலையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கழுவி, பால்கனியில் காயவைத்து, சாயங்காலம் மாட்டினேன். அன்று ராத்திரி அவன் விளையாடி முடிக்கும்வரை ஆரஞ்சு வரவே இல்லை.