பிக்கப் இல்லை, முன் சக்கரத்தில் சத்தம்: பழைய டீசல் காரில் காரணம் தேடிய கதை

என்னிடம் இருப்பது 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1.4 லிட்டர் காமன் ரெயில் எஞ்சின். பிக்கப் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சேலத்திலிருந்து தருமபுரி போகும் தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கியும் வண்டி திணறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. போதாக்குறைக்கு 60-ஐத் தாண்டினால் முன்பக்கம் ‘ஊம்’ என்று ஒரு இரைச்சல், வேகம் ஏற ஏற அதுவும் ஏறும்.

இரண்டும் சேர்ந்து வந்ததால், பிரேக் ஜாம் ஆகியிருக்கும் என்றுதான் கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். நியாயமான சந்தேகம்தான், பிரேக் பேடை அழுத்தும் காலிபரின் பின் இறுகினால் வண்டியும் இழுக்காது, சத்தமும் வரும். அதனால் முதலில் அதையே பார்த்தேன். காலியான சமதள ரோட்டில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, கடைசியில் நியூட்ரலில் உருளவிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எதிலும் தனியாகச் சூடு இல்லை, வண்டியும் தாராளமாக உருண்டது. ஆக, இது ஒரு நோய் இல்லை, இரண்டு.

பிக்கப்புக்கு வருவோம். நாலாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தேன். கிளச் வழுக்கினால் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறும், வேகம் ஏறாது, அப்படி நடக்கவில்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றியாயிற்று, வித்தியாசமே இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு P0299 என்று கோட் வந்ததும், “டர்போ போச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். அந்தக் கோட் சொல்வது அது இல்லை. எஞ்சினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக்கில் வர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் காற்றை அழுத்தி ஊதுவதுதான் டர்போவின் வேலை. டர்போ ஊதாமலும் இருக்கலாம், ஊதிய காற்று வழியில் வெளியேறிக்கொண்டும் இருக்கலாம்.

காரின் சென்சார் அளவுகளைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்றை மாட்டி நண்பனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் போனில் இன்டேக் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் 100 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் கீழே காட்டியது, அது வெளிக்காற்றின் அழுத்தம். முழுதாக மிதித்தால் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்குக்குப் போக வேண்டியது 130-ஐத் தாண்டவே இல்லை, மிதிக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து ‘உஸ்’ என்று சத்தம் வேறு.

அப்புறம் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். டர்போ ஊதிய காற்றைக் குளிரவைப்பது இன்டர்கூலர், அவர் அதன் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் மட்டும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்புப் பசையாக அப்பியிருந்தது. துடைத்துவிட்டு ஹோஸை வளைத்தால் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வளைக்காமல் பார்த்தால் ஒரு கோடு மாதிரிதான் தெரியும், உள்ளே அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். கரும்புகைக்கும் அதுதான் காரணம்: காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறது, அது அளந்த காற்றுக்கு ஏற்ற டீசலை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியு அனுப்பிவிடுகிறது, பாதிக் காற்று நடுவழியிலேயே போய்விடுகிறது. ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றியதோடு சரி, டர்போவைத் தொடவே இல்லை.

சத்தத்துக்கு முதலில் டயரைத்தான் சொன்னார்கள். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டும் சத்தம் இடம் மாறவில்லை. ஓட்டும்போது ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் திருப்பினால் இரைச்சல் கூடும், இடப்பக்கம் திருப்பினால் அடங்கும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் இறங்கும், எனவே கோளாறு இடது சக்கரத்தின் பேரிங்கில். ஜாக்கி போட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது ஆட்டமே இல்லை, அதை வைத்துப் பேரிங் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. அண்ணன் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வைக்கச் சொன்னார். வலது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் விரலில் நறநறவென்று மணல் அரைபடுவது நன்றாகவே தெரிந்தது.

பேரிங் மாற்றுகிறவர்கள் கூடவே நின்று பாருங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும், அதைத் திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். பேரிங்கை அதன் கூட்டுக்குள் பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரத்தில்) ஏற்றும்போது வெளி வளையத்தைத்தான் அழுத்த வேண்டும், சுத்தியலால் அடித்து இறக்கினால் புது பேரிங்கே சீக்கிரம் கத்த ஆரம்பித்துவிடும். ஆக்சில் நட் புதிதாகப் போடச் சொல்லி, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். அந்த ரெஞ்ச் இல்லாத கடையென்றால் வேறு கடை பார்ப்பது நல்லது.